வெட்டாமல் பொறுத்திருங்கள்: வாடும் பூக்களோடு ஓர் இலையுதிர்காலம்

ஒக்டோபர் பிறந்ததும் எங்கள் தெருவில் கத்தரிக்கோல் சத்தம் தொடங்கிவிடும். பூத்து முடிந்த செடியெல்லாம் அடியோடு வெட்டுப்பட்டு, பழுப்புக் கடதாசிப் பைகளில் அடைபட்டு, வாசலில் வரிசையாக நிற்கும். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் இந்த வீட்டுக்கு வந்து 20 வருடத்துக்கு மேலாகிறது. முதல் பத்துப் பன்னிரண்டு வருடமும் ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை வரும் நன்றியறிதல் விடுமுறைதான் எனக்குத் தோட்டம் துப்புரவாக்கும் நாள்.

இப்போது எனக்கு 67 வயது. சில வருடங்களாக அந்தப் பைகளை ஏப்ரல் வரைக்கும் நான் கையில் எடுப்பதில்லை. வாடும் பூக்களை அப்படியே நிற்க விட்டு, தினமும் கொஞ்ச நேரம் அவற்றின் பக்கத்தில் இருக்கிறேன். என் வயதோடு நான் சமாதானமாக இருக்கப் பழகியது அங்கேதான். ஊரிலிருந்து பிள்ளைகளிடம் புதிதாக வந்திருக்கும் பெற்றோர், இப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், முதல் முறையாகச் சொந்தமாக ஒரு துண்டு வளவு கிடைத்தவர்கள், இவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். சொல்லும் மாதங்களும் செடிகளும் தெற்கு ஒன்ராறியோவுக்கு உரியவை.

தொடங்குமுன் ஒரு தயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம்

நாங்கள் வாடிய பூவை விலக்கிப் பழகியவர்கள். காலையில் சாமிப்படத்தில் இருக்கும் நேற்றையப் பூவை எடுத்த பிறகுதான் புதுப்பூ வைப்போம். கோயிலில் அதற்கு நிர்மாலியம் என்று பெயரே இருக்கிறது. அதனால் காய்ந்த பூவை வாசலில் நிற்க விடுவது மனதுக்கு ஒரு மாதிரி இருக்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வருபவர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் யோசித்தேன்.

ஆனால் அதே ஊரில்தான் பவளமல்லிகையும் நின்றது. இரவில் பூத்து விடியும்போது உதிர்ந்துவிடும் பூ அது. நிலத்தில் விழுந்ததைப் பொறுக்கித்தான் சாமிக்கு வைத்தோம், யாரும் குறை சொல்லவில்லை. மகிழம்பூவை நினைத்துப் பாருங்கள். காய்ந்து பழுப்பாகிச் சுருங்கின பிறகும் அதன் மணம் போகாது. என் அம்மம்மா அதை நூலில் கோத்துப் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே வைப்பார். அவருடைய கூறைச் சேலையை இப்போது நினைத்தாலும் எனக்கு நிறத்துக்கு முன் அந்த மணம்தான் வருகிறது.

மொழியிலும் இதற்கு இடம் இருக்கிறது. அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர் என்று பூவின் பருவங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு போன தமிழ், பூத்ததோடு நிற்கவில்லை. உதிரும் பூவுக்கு வீ என்று ஒரு சொல். வாடிப் பழம்பூவானதற்குச் செம்மல் என்று ஒரு சொல். வ.உ.சி.யைச் செக்கிழுத்த செம்மல் என்கிறோமே, அதே செம்மல். பெருமைக்குரிய மனிதருக்கும் வாடிய பூவுக்கும் ஒரே சொல் என்று தெரிந்துகொண்ட அன்று நான் அகராதியை மூடாமல் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணின் பருவங்களுக்கும் பட்டியல் உண்டு: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். வழக்கமாகச் சொல்லும் கணக்கில் பேரிளம்பெண் 40 வயதோடு முடிந்துவிடுகிறாள். அதற்குப் பிறகு பெயர் இல்லை. பூ வாடின பிறகும் அதற்குப் பெயர் சொன்ன மொழி, எங்களை 40இல் விட்டுவிட்டதே என்று எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. எட்டாவதாக நான் செம்மலை எடுத்துக்கொண்டேன். நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இனி செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம்.

முதல் வேலை: எதை விடுவது, எதை வெட்டுவது

செப்டெம்பர் கடைசியில் ஒரு நாள் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எக்கினேசியா, கறுப்புக் கண்ணுள்ள மஞ்சள் ருட்பெக்கியா, சீடம், ஆஸ்டர், ஹைட்ரேஞ்சியா, உயரமான அலங்காரப் புல்வகைகள் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். தண்டு உறுதியாக இருப்பதால் இவை பனி கொட்டும்வரைக்கும், சில அதற்குப் பிறகும், நிமிர்ந்து நிற்கும்.

எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. வெள்ளைப் பூஞ்சணம் பிடித்த ஃபுளொக்ஸ், கறுப்புப் புள்ளி விழுந்த பியோனி இலைகள், கருகல் நோய் வந்த தக்காளிச் செடி எல்லாவற்றையும் வெட்டி அகற்றிவிடுங்கள். விட்டால் நோய் அடுத்த வருடத்துக்கும் தங்கும். ஹொஸ்ராவின் இலைகள் முதல் உறைபனிக்கே கொழகொழவென்று சரிந்துவிடும், அவற்றையும் எடுத்துவிடலாம்.

ஹைட்ரேஞ்சியாவில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ உருண்டையாகப் பூத்து, இலை பெரிதாக இருக்கும் வகை, அடுத்த வருடப் பூவுக்கான மொட்டை இந்த வருடத் தண்டிலேயே கோடை முடியுமுன் உருவாக்கிவிடும். இது தெரியாமல் இங்கே வந்த முதல் வருடம் ஒக்டோபரில் நான் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். அடுத்த கோடை முழுக்க இலை மட்டும்தான். பூ வராததற்குப் பசளை போதவில்லை என்று நினைத்து இன்னும் பசளை போட்டேன். கூம்பு வடிவில் வெள்ளையாகப் பூக்கும் வகை, லைம்லைற் போன்றது, புதுத் தண்டில் பூப்பதால் அதை வசந்தத் தொடக்கத்தில் பயமில்லாமல் வெட்டலாம். எது எந்த வகை என்று தெரியாவிட்டால் எதையும் வெட்டாமல் இருப்பதே நல்லது. காய்ந்த பூத்தலை தனக்குக் கீழே இருக்கும் மொட்டுக்குக் குளிரில் ஒரு போர்வை மாதிரி.

இரண்டாவது: ஒரே பூ, ஒரே நேரம்

தோட்டம் முழுவதையும் பார்க்கத் தொடங்கினால் ஒன்றும் கண்ணில் தங்காது. ஒரு செடியில் ஒரு பூவைத் தெரிவு செய்யுங்கள். தண்டில் ஒரு சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டால் அடுத்த நாள் தேட வேண்டியதில்லை.

ஒக்டோபரில் பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் சூரியன் தாழ வந்துவிடும். அந்த வெளிச்சம் இருக்கும்போது போங்கள். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்த பிறகு நாலு மணிக்கே போக வேண்டும். உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் பூ வரும்படி ஒரு நாற்காலியைப் போடுங்கள். உச்சி வெயிலில் வெறும் பழுப்பாகத் தெரிவது, வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது செம்பாகவும் தேனாகவும் மாறும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் செய்தாலே போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

பத்து நிமிடம் இருங்கள். கையில் சின்னக் கொப்பி ஒன்று வைத்திருங்கள். நல்லா இருக்கு, வடிவாக இருக்கு என்றெல்லாம் எழுத வேண்டாம். கண்ணில் படும் மூன்று நிறங்களை மட்டும் எழுதுங்கள், ஊரில் எதைப் போல இருக்கிறது என்பதையும் சேர்த்து. என் கொப்பியில் லைம்லைற் ஹைட்ரேஞ்சியாவுக்கு இப்படி இருக்கிறது. ஓகஸ்ட் தொடக்கம்: இளநீர் வழுக்கை, நுனியில் கொஞ்சம் பச்சை. செப்டெம்பர் நடு: ஓரமெல்லாம் ஜம்புப் பழத்தின் சிவப்பு. ஒக்டோபர் 20: வெற்றிலைக் காவி. நவம்பர் நடு: தேயிலைச் சாயம் பட்ட பழைய வேட்டி. ஒரே பூ, நாலு மாதம்.

அது ஏன் உதிராமல் நிற்கிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஹைட்ரேஞ்சியாவில் நாம் இதழ் என்று நினைப்பதில் பெரும்பகுதி இதழே இல்லை, பூவைத் தாங்கும் புல்லி. உண்மையான பூ நடுவில் கடுகளவுதான் இருக்கும். இதழ் உதிரும், புல்லி உதிராமல் அங்கேயே நின்று நிறம் மாறும்.

மூன்றாவது: தொட்டும் மணந்தும் பாருங்கள்

கண்பார்வை குறைந்தவர்கள் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். எனக்குக் கண்ணில் புரை வளர்ந்திருந்த வருடம் நிறங்கள் எல்லாம் மங்கி ஒன்றாகத் தெரிந்தன. அந்த வருடம்தான் கையால் பார்க்கப் பழகினேன்.

எக்கினேசியாவின் நடுக்கூம்பைத் தொடுங்கள். முள் முள்ளாக இருக்கும். முள்ளெலிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. கோடையில் இதழின் நிறத்துக்குள் மறைந்திருந்த இந்தக் கூம்பு, இதழ் போன பிறகுதான் முழுதாகத் தெரிகிறது. அதன் விதைக்காக கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் வரும். ஆண் குருவி கோடையில் எலுமிச்சை மஞ்சளில் மினுங்கும். இலையுதிர்காலத்தில் இறகு மாற்றி மங்கிய ஒலிவ் நிறத்துக்கு வந்துவிடும். நிறம் மங்கின குருவி நிறம் மங்கின பூவில் தலைகீழாகத் தொங்கி விதை பிடுங்கும் காட்சியை அடுப்படி யன்னலால் பார்த்துக்கொண்டு நான் பல தேநீரை ஆறவிட்டிருக்கிறேன்.

மணத்துக்கு ஒரு மரம் சொல்கிறேன். கட்சுரா என்று ஜப்பானிலிருந்து வந்த மரம், இங்கே சில பூங்காக்களிலும் பழைய தெருக்களிலும் நிற்கிறது. இலை இதய வடிவில் இருக்கும். பச்சையாக இருக்கும்போது பெரிதாக மணக்காத இலை, மஞ்சளாகி விழும்போது காய்ச்சின சீனி மணக்கும். எனக்கு அது பனங்கட்டி காய்ச்சும் மணமாகத்தான் வந்தது. மகளோடு நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவளுக்கோ அது திருவிழாவில் விற்கும் பஞ்சுமிட்டாய் மணம்.

இன்னொன்று, மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்ரொட்டைக் கண்டால் தும்மல் வரும் என்று பயந்து பிடுங்கிவிடுகிறார்கள். பாவம் அந்தச் செடி. அதன் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது, தேனீக்கள்தான் காவிப் போகும். காற்றில் பறந்து தும்ம வைப்பது அதே காலத்தில் கண்ணில் படாமல் பூக்கும் ரேக்வீட். கோல்டன்ரொட்டையும் ஊதா ஆஸ்டரையும் விட்டு வையுங்கள். செப்டெம்பரில் மெக்சிக்கோ மலைகளுக்குப் புறப்படும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளுக்கு வழியில் கிடைக்கும் கடைசித் தேன் அநேகமாக அவைதான்.

நாலாவது: கொஞ்சத்தை உள்ளே கொண்டுவாருங்கள்

வெளியே போக முடியாத நாட்கள் வரும். முழங்கால் ஒத்துழைக்காத நாட்கள், பனிப்புயல் நாட்கள். அதற்காக ஒக்டோபரிலேயே நாலைந்து ஹைட்ரேஞ்சியாவைக் காய வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் செய்யும் பிழை, பூ வெள்ளையாக அழகாக இருக்கும்போதே வெட்டுவது. அது இரண்டு நாளில் தொய்ந்து சுருங்கிவிடும். பூ தன் பாட்டில் முதிர வேண்டும். மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். ஈரப்பசை குறைந்து கடதாசி மாதிரிச் சரசரத்தால் நேரம் வந்துவிட்டது. மழை பெய்யாத நாளில், பனித்துளி காய்ந்த பிறகு, தண்டை ஒரு முழம் நீளத்துக்கு வெட்டுங்கள். பெரிய இலை வகையாக இருந்தால் நீளமாக வெட்டாமல் பூவுக்கு நேர் கீழே, முதல் சோடி மொட்டுக்கு மேலே வெட்ட வேண்டும். இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, இரண்டு மூன்று விரல் உயரம் தண்ணீர் விட்ட சாடியில் நெருக்காமல் வைத்து, வெயில் நேரே படாத இடத்தில் விட்டுவிடுங்கள். தண்ணீர் மாற்றவோ நிரப்பவோ வேண்டாம். அது தானாக வற்ற, பூவும் தானாகக் காயும். இரண்டு மூன்று கிழமை பிடிக்கும். கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுபவர்களும் உண்டு, ஆனால் இப்படிச் செய்தால் பூவின் வடிவம் நன்றாக நிற்கிறது.

சாமியறையில் வைக்க மனம் வராவிட்டால் வைக்காதீர்கள். நான் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது: உங்கள் கையையும் பாருங்கள்

இதை முதல் வருடமே செய்யச் சொல்ல மாட்டேன். பூவோடு ஒரு மாதமாவது பழகின பிறகு, அதே நாற்காலியில், அதே தாழ்ந்த வெளிச்சத்தில் உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். பூவில் செய்த மாதிரியே மூன்று நிறம் எழுதுங்கள். நான் எழுதியது: நரம்பு, நீலக் காசிக்கயிறு மாதிரி. முழங்கை வரைக்கும் புள்ளிகள், பழுத்த வாழைப்பழத் தோல். நகம், உள்ளிச் சுளை. எழுதி முடித்தபோது அது அம்மாவின் கை என்று தெரிந்தது. அம்மா போய் 14 வருடமாகிறது. அவருடைய கை இங்கே என் மடியில் இருக்கிறது என்ற எண்ணம் அன்றிரவு முழுக்க என்னோடு இருந்தது.

தலைமயிருக்குச் சாயம் பூசுவதை நான் 61இல் விட்டேன். பூசுபவர்கள் பூசுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. விட நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: மயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். தோள்வரை கூந்தல் இருந்தால் இரண்டு வருடத்துக்கு மேல் இரண்டு நிறமாகத் திரிய வேண்டி வரும். செப்டெம்பரில் தொடங்குங்கள். தெருவில் மரங்களும் அந்தக் கோலத்தில்தான் நிற்கும்.

மரம் என்றதும் சொல்ல வேண்டும். இலையின் மஞ்சள் புதிதாக வருவது கிடையாது. அது வசந்தத்திலிருந்தே இலைக்குள் இருக்கிறது, பச்சையம் சிதைந்து போனதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை. மேப்பிள் இலையின் அந்தச் சிவப்பு, பகல் குறுகிக் குளிர் தொடங்கின பிறகு, இலையில் மிஞ்சியிருக்கும் சீனியிலிருந்து புதிதாகச் செய்யப்படுவது. இதை வாசித்த வருடம் நான் மாநகரசபை நீச்சல் தடாகத்தில் நீந்தப் பழகப் பெயர் கொடுத்தேன். அப்போது வயது 63.

அழகு தெரியாத நாட்களில்

இடுப்பு நோ அழகானது கிடையாது. பெயர்கள் மறந்து போவதும், கூடப் படித்தவர்களின் மரணச் செய்தி கைத்தொலைபேசியில் வந்து விழுவதும் அப்படித்தான். அவற்றிலும் அழகைத் தேடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தோட்டத்திலும் அழுகிக் கிடக்கும் ஹொஸ்ராவை நான் இரசிப்பதில்லை, வாரி எடுத்துக் குப்பைப் பசளைக் குவியலில் போடுகிறேன். மூன்று நாள் மழைக்குப் பிறகு ஆஸ்டர் சரிந்து சேறாகிக் கிடந்தால் அன்று யன்னல் திரையை இழுத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். கொப்பியில் மழை என்று மட்டும் எழுதினால் போதும்.

ஆனால் மனம் சோர்ந்தே இருந்து, நித்திரையும் சாப்பாடும் கிழமைக்கணக்கில் குழம்பினால், அது பூ பார்த்துத் தீரும் விஷயம் இல்லை. இருட்டு ஐந்து மணியளவிலேயே விழும் நவம்பர், புதிதாக வந்தவர்களுக்குக் கடினமான மாதம். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், குடும்ப வைத்தியரிடமும் கதையுங்கள்.

வளவு இல்லாதவர்கள் எங்கே போகலாம்

மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஸ்காபரோவில் கிங்ஸ்ரன் வீதியில் இருக்கும் ரொசெற்றா மெக்ளேன் தோட்டம். ஒன்ராறியோ ஏரியைப் பார்த்தபடி மண்மேட்டின் உச்சியில் இருக்கிறது. பாதை மட்டமானது, சக்கர நாற்காலியும் போகும், குனியாமல் தொட்டுப் பார்க்கும் உயரத்தில் பூப்பாத்திகளும் இருக்கின்றன. செப்டெம்பரில் மொனார்க்குகளும், மேலே வட்டமடித்துத் தெற்கே போகும் பருந்துகளும் அங்கே தெரியும்.

லோறன்ஸ், லெஸ்லி சந்தியில் இருக்கும் ரொறொன்ரோ தாவரவியல் பூங்காவின் முகப்புத் தோட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர் பீற் ஔடொல்ஃப். 1944இல் பிறந்த டச்சுக்காரர். பூ போன பிறகு செடியின் தண்டும் விதைத்தலையும் எப்படி நிற்கும் என்று பார்த்துச் செடி தெரிவு செய்பவர். நியூயோர்க் ஹை லைன் பூங்காவின் நடுகையும் சிக்காகோ லூரி தோட்டத்தின் நடுகையும் அவருடையவை. அங்கே நவம்பரில் போங்கள். பழுப்பில் எத்தனை வகை இருக்கிறது என்பதை ஒரே இடத்தில் நின்று எண்ணலாம்.

இரண்டு இடத்துக்கும் அனுமதி இலவசம். உறைபனி விழுந்த காலையில் பாதை வழுக்கும், அதனால் பத்து மணிக்கு முன் போக வேண்டாம். அடி பிடிக்கும் சப்பாத்துப் போடுங்கள், சேலையோ வேட்டியோ கட்டியிருந்தால் கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது, விதையும்கூட.

ஏப்ரலில்

பகல் வெப்பம் தொடர்ந்து 10 பாகைக்கு மேல் இருக்கத் தொடங்கிய பிறகு கத்தரிக்கோலை எடுக்கலாம். எக்கினேசியா, ஆஸ்டர், சீடம் எல்லாம் அதற்குள் சாம்பல் நிறமாகி, தொட்டால் முறியும் நிலையில் இருக்கும். தரையோடு வெட்டாமல் முழங்கால் உயரத்துக்குத் தண்டை விட்டு வெட்டுங்கள். உள்ளே துளையுள்ள அந்தத் தண்டுகளில் சின்னக் காட்டுத் தேனீக்கள் கூடு வைக்கும். வெட்டி எடுத்ததைப் பையில் அடைக்காமல் கட்டாகக் கட்டி வேலியோரம் சாய்த்து வையுங்கள், சில கிழமைகள் அங்கேயே கிடக்கட்டும். குனியும்போது முதுகு பிடித்தால் ஒரு நாளைக்கு ஒரு செடி போதும். சிவப்பு நூல் கட்டின தண்டு கையில் வந்தால், நூலை அவிழ்த்துக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், செப்டெம்பரில் திரும்பத் தேவைப்படும்.